மிஷினுக்குப் போன துணி

ஒரு காலத்தில் 'மிஷின்' என்றால் மாவு மிஷின். 'மிஷினுக்குப் போயிட்டு வாடா' என்று அம்மா சொன்னால், தூக்கில் கோதுமையோ மிளகாயோ எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அப்புறம் கொஞ்ச காலம் அது தையல் மிஷினைக் குறித்தது. இன்றைக்கு 'மிஷின்ல போடு' என்றால் துணி. ஒரே வார்த்தை மூன்று தலைமுறையில் மூன்று வேலை பார்த்துவிட்டது. மூன்றுமே பெண்களின் முதுகை நிமிர்த்த வந்தவை. அதனாலோ என்னவோ, டி.வி.யை ஒரே நாளில் வாங்கிவிடுகிற ஆண்கள், இந்த மிஷின்களுக்கு மட்டும் வருஷக்கணக்கில் யோசிப்பார்கள்.

எங்கள் வீட்டில் அந்த யோசனை என்னுடையது அல்ல, என் அம்மாவுடையது. "கல்லுல அடிச்சுத் துவைக்காத துணி துணியா?" என்பது அவள் கட்சி. அவள் சிறுவயதில் ஊரில் சலவைக்காரர் வீடு வீடாக வந்து துணி எடுத்துப் போவாராம். சேராங்கொட்டைச் சாற்றால் துணி மூலையில் குறி போடுவார். உயிர் போனாலும் அந்தக் குறி போகாது. உவர்மண்ணில் முக்கி, வெள்ளாவி வைத்து, ஆற்றங்கரையில் அடித்து, கஞ்சி போட்டுக் கொண்டு வந்தால் வேட்டி தனியாக நிற்கும்.

"அம்மா, இப்போ வர்ற மிஷின்ல ஹீட்டர் இருக்கு. அறுபது டிகிரி வெந்நீர்ல துவைக்கும். வெள்ளாவியோட பேரன்னு வெச்சுக்கயேன்" என்றேன்.

"பேரனா? அப்ப வேலை செய்யாதே!" என்றாள், என் பையன் பக்கம் பார்த்து.

இருந்தாலும் அனுமதி கிடைத்துவிட்டது. கடைக்குப் போனோம்.

கடைக்காரப் பையன் எடுத்த எடுப்பில், "எத்தனை கிலோ சார்?" என்றான். அரிசி மண்டிக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். இந்தக் கிலோ கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 7 கிலோ மிஷின் என்றால் மிஷினின் எடை அல்ல, நனைந்த துணியின் எடையும் அல்ல. உலர்ந்த துணியின் எடை. இரண்டு டபுள் பெட்ஷீட், நாலு பெரிய டவல், மூணு ஜீன்ஸ் போட்டாலே ஐந்து கிலோ ஆகிவிடும். 7 கிலோ எழுதியிருக்கிறதே என்று மிதித்து அடைத்தால் துணி புரள இடமிருக்காது. புரண்டால்தான் அழுக்கு போகும். மேலே ஒரு சாண் இடம் விட வேண்டும். பஸ்ஸில் நாம் எதிர்பார்த்துக் கிடைக்காத வசதியைத் துணிக்காவது கொடுக்கலாமே.

அடுத்தது ஜாதி. மூன்று உண்டு. செமி ஆட்டோமேடிக்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தொட்டி. ஒன்றில் துவைத்து, கையால் எடுத்து இன்னொன்றில் போட வேண்டும். டாப் லோடு: மேலே மூடி. ஃப்ரன்ட் லோடு: முன்பக்கம் கண்ணாடிக் கதவு, சீரியல் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்க்கலாம், விளம்பர இடைவேளை கிடையாது.

மூன்றிலும் துணி வெளுக்கும். வித்தியாசம் தண்ணீரில். டாப் லோடில் துணி தண்ணீருக்குள் மிதந்து சுற்றுகிறது. ஒரு தடவைக்கு நூறு லிட்டர், சமயத்தில் அதற்கு மேலும் குடிக்கும். ஃப்ரன்ட் லோடில் துணி மேலே போய்ப் போய் விழுகிறது. அந்தக் காலத்துக் கல்லுக்குப் பதில் இந்த விழுதல். அதனால் ஏறக்குறைய பாதித் தண்ணீர் போதும். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, லாரிக்காக ராத்திரி முழித்திருந்தவர்களுக்கு இந்தப் பாதியின் அருமை தெரியும். எங்கள் ஃபிளாட்டில் அந்த ஜூன் மாதம் பல வீட்டு வாஷிங் மிஷின்கள் மேல் காய்கறிக் கூடை வைத்திருந்தார்கள்.

ஆனால் தண்ணீர் மிச்சம் என்று ஃப்ரன்ட் லோடை உடனே தூக்கிவிடாதீர்கள். முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள். தொட்டியின் அடிக்கும் மிஷின் குழாய்க்கும் நடுவே எவ்வளவு உயரம் என்று பாருங்கள். பத்து அடி உயரத்துத் தண்ணீர் 0.3 பார் அழுத்தம்தான் தரும். பல மிஷின்களுக்குக் குறைந்தபட்சம் அந்த அளவாவது வேண்டும். கீழ்வீட்டுக்காரருக்குக் கவலையில்லை. தொட்டிக்கு நேர் கீழே குடியிருக்கும் மேல்மாடிக்காரர் சின்ன பம்ப் வைக்க வேண்டியிருக்கும். இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள்.

"டிரையர் இருக்காப்பா?" என்று என் மனைவி கேட்டாள்.

"எல்லாத்துலயும் இருக்கு மேடம்!"

இங்கேதான் சூட்சுமம். நம் ஊரில் டிரையர் என்ற ஒரே பெயரில் இரண்டு பேர் நடமாடுகிறார்கள். செமி ஆட்டோமேடிக்கில் 'டிரையர்' என்று சொல்லப்படும் தொட்டி வெறுமனே வேகமாகச் சுற்றித் தண்ணீரை வெளியே எறிகிறது. பிழிவதுதான் அதன் வேலை. காயவைப்பதல்ல. நிஜ டிரையர் சூடான காற்றை ஊதித் துணியை உலர்த்துகிறது. எடுத்தவுடன் மடித்து வைக்கலாம். முதலாமவரை இரண்டாமவர் என்று நம்பி வாங்கிவந்து, ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போன் செய்கிறவர்கள் ஏராளம்.

இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றிப் பிழிந்தால் ஒரு கிலோ பருத்தித் துணியில் சுமார் 700 மில்லி தண்ணீர் தங்கும். 1400 சுற்றில் சுமார் அரை லிட்டர். பிழிவதற்கு ஆகும் கரண்ட் கொஞ்சம்தான். ஆனால் மிச்ச ஈரத்தை ஆவியாக்க வேண்டுமென்றால், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் யூனிட்டாவது தேவை. இது இயற்கை போட்ட ரேட்; எந்தக் கம்பெனியும் தள்ளுபடி தர முடியாது. ஐந்து கிலோ துணியை நன்றாகப் பிழிந்தாலும் இரண்டரை லிட்டர் உள்ளே இருக்கும். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் ஹீட்டர் டிரையர் இரண்டு யூனிட்டைத் தாண்டிவிடும். 'ஹீட் பம்ப்' டிரையர் போன சூட்டைப் பிடித்துத் திரும்ப உபயோகிப்பதால் சுமார் பாதியில் முடிக்கும், விலை அதிகம். துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே பெட்டியில் நடக்கும் மிஷினும் உண்டு. அதில் 8 கிலோ துவைத்தால் ஐந்து கிலோதான் ஒரு தடவையில் காயும். மீதி மூணு கிலோவை எடுத்துக் கொடியில் போட வேண்டும். கல்யாணத்தில் முதல் பந்திக்கு இடமில்லாதவர்கள் மாதிரி.

மாடியில் வெயில் உள்ளவர்களுக்கு டிரையர் ஆடம்பரம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டு, கைக்குழந்தையின் துணி நாலு நாளாகக் காயாமல் ஃபேனுக்கடியில் வாடை அடிக்கும் வீட்டில் அது அத்தியாவசியம். அப்படி வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். துணியிலிருந்து உதிரும் பஞ்சு அங்கே சேர்ந்தால் தீப்பிடிக்கக்கூடும். பட்டுப் புடவையை மட்டும் அதற்குள் காட்டவே காட்டாதீர்கள்.

கடையிலிருந்து நோட்டீஸ்களுடன் வீட்டுக்கு வந்து கூடத்தில் மாநாடு. நான் கணக்குப் பார்த்தேன். மிஷின் விலை இவ்வளவு. எங்கள் வீட்டில் பாத்திரம், துணி இரண்டும் பார்க்கும் அம்மாளுக்குத் துணிக்கென்று தரும் மாசப் பணம் இவ்வளவு. அது மிச்சமானால் நாலே வருஷத்தில் மிஷின் ஓசி!

அந்தம்மா அப்போது கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமலே கேட்டார்: "மிஷினு வந்துட்டா எனக்கு எவ்ளோம்மா குறைப்பீங்க?"

கூடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"நாலு வூட்டுல மூணு வூட்டுக்கு மிஷினு வந்தாச்சு. ரெண்டு வூட்டுல துணிக்காசை நிறுத்திட்டாங்க. அதான் முன்னாடியே கேட்டுக்கிறேன். கோச்சுக்காதீங்க."

என் மனைவி அவர் கையைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரிலேயே ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. "ஒண்ணும் குறைக்க மாட்டேன். இனிமே துவைக்க வேணாம். மாடியில காயப்போட்டு, சாயங்காலம் எடுத்து மடிச்சு வெச்சுடுங்க. அது போதும்" என்றாள்.

அவர் உள்ளே போனதும் நான் மெதுவாக, "அப்போ நமக்கு என்ன மிச்சம்?" என்றேன்.

"மிச்சமெல்லாம் நமக்குன்னு யாருங்க சொன்னது?"

இதற்குப் பதில் எந்த நோட்டீஸிலும் அச்சடித்திருக்கவில்லை.

ஹான்ஸ் ரோஸ்லிங் என்று ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார். புள்ளிவிவரத்தைக் கதை மாதிரி சொல்லுவார். 2017-ல் காலமானார். 2010-ல் வாஷிங் மிஷினைப் பற்றியே ஒரு சொற்பொழிவு செய்தார். அவருக்கு நாலு வயசாக இருக்கும்போது வீட்டுக்கு முதல் மிஷின் வந்ததாம். வாழ்நாள் முழுக்க விறகு அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் கையால் துவைத்த பாட்டி அதன் எதிரில் உட்கார்ந்து, கடைசிச் சுற்று வரை வேடிக்கை பார்த்தாளாம். மிஷின் ஓடிய நேரத்தில் அம்மா பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிப்போனாளாம். உள்ளே துணி போட்டோம், வெளியே புத்தகம் வந்தது என்கிறார் அவர். அன்றைய அவர் கணக்குப்படி உலகத்தில் 200 கோடிப் பேருக்குத்தான் மிஷின் வசதி. 500 கோடிப் பேர் கையால் துவைக்கிற வீட்டைச் சேர்ந்தவர்கள்.

எங்கள் வீட்டில் மிஷின் வந்து ஆறு மாதம் ஆகிறது. ஃப்ரன்ட் லோடு. வந்த அன்றே பின்பக்கத்து நாலு போல்ட்டையும் கழற்றினார்களா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். லாரியில் குலுங்கும்போது உள்ளே டிரம் ஆடாமல் இருக்க அவற்றை முடுக்கி அனுப்புகிறார்கள். தெரிந்தவர் வீட்டில் கழற்றாமலே ஓட்டிவிட்டார்கள். பிழியும் கட்டம் வந்ததும் மிஷின் கிடுகிடுவென்று நடந்து வந்து பாத்ரூம் கதவை மறித்து நின்றது. உள்ளே இருந்தவர் மாமனார்.

மற்றபடி சில்லறை விஷயங்கள்தான். நுரை குறைந்த பவுடராகப் போடுங்கள். நுரை அதிகமானால் துணி விழும் வேகம் குறைந்து அழுக்கு போகாது. போர் தண்ணீர் என்றால் வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற வெள்ளைப் பொருக்கு மிஷின் ஹீட்டரிலும் படியும். அவ்வப்போது அதற்கான பவுடர் போட்டு ஓட்டுங்கள். துவைத்து முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பூசணம். பாக்கெட்டைச் சோதியுங்கள். சோதிப்பதில் என் மனைவிக்கு இப்போது தனி உற்சாகம். கிடைக்கிற சில்லறை அவளுக்கே என்று தீர்மானம் ஆகியிருக்கிறது.

அம்மாவும் மாறிவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அடிக்கிறான், அடிக்கிறான், நல்லாத்தான் அடிக்கிறான்" என்று வர்ணனை கொடுக்கிறாள்.

போன வாரம் அந்தம்மா மடித்த துணியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், சீட்டு எடுத்திருக்கேன். எங்க வூட்டுக்கு ஒரு மிஷினு வாங்கலாம்னு. நாலு வூட்டு வேலை முடிச்சுட்டுப் போனா, ராத்திரி எங்க வூட்டுத் துணியும் நான்தானே துவைக்கணும்? பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது, அதைக் கூப்புட மனசு வர்ல. எந்த மிஷினு நல்லது?"

நான் இத்தனை நாள் சேர்த்த ஞானம் முழுவதற்கும் அன்றைக்குத்தான் வேலை வந்தது.

"குழாய் இருக்கா வீட்டுல?"

"தெருக் குழாய்தான். குடத்துல புடிச்சு டிரம்முல ரொப்பி வெப்போம்."

"அப்ப செமி ஆட்டோமேடிக் வாங்குங்க. அதுக்குக் குழாய் வேணாம். குடத்தால ஊத்தினாலே போதும். முதல்ல வெள்ளைத் துணி, அப்புறம் அதே சோப்புத் தண்ணியில கலர் துணி. தண்ணி மிச்சம். எடை கம்மி, வேலை முடிஞ்சா ஓரமாத் தள்ளி வெச்சுக்கலாம். பிளக்குக்கு எர்த் ஒழுங்கா இருக்கான்னு மட்டும் எலெக்ட்ரீஷியனை விட்டுப் பாத்துக்குங்க."

விரல் விட்டு ஒவ்வொன்றாக மனசில் ஏற்றிக்கொண்டார். விரல் இடுக்கில் வெடிப்பு ஆறிக்கொண்டு வந்தது.

"டிரையருன்னு இன்னொண்ணு சொல்றாங்களே, அதுவும் வாங்கணுமா சார்?"

"உங்க தெருவுல வெயில் நல்லா அடிக்குதா?"

அந்தம்மா சிரித்துவிட்டார்.

"அது ஒண்ணுதான் சார் எங்க தெருவுக்கு முறை வெக்காம வருது!"