கடைசிப் பாடத்தில் இருக்கிறது சேலம்

மார்ச் பிறந்துவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் டி.வி. ஓய்ந்துவிடும், கைப்பேசி பீரோவுக்குள் போய்விடும். சேலம் அம்மாபேட்டையின் நெசவாளர் வீடுகளில் தறிச் சத்தம் நின்ற பிறகுதான் புத்தகத்தைத் திறக்க முடியும் என்பதால், படிப்பு பின்னிரவுக்கும் விடியற்காலைக்கும் தள்ளிப்போகும். கணக்குக்கு டியூஷன் உண்டு, ஆங்கிலத்துக்கும் உண்டு. சமூக அறிவியலுக்கு மட்டும் யாரும் பணம் செலவழிப்பதில்லை. "அது என்ன, உக்காந்து மனப்பாடம் பண்ணுனா மார்க்கு தானா வருது" என்பதுதான் வீட்டின் தீர்ப்பு. பள்ளிக்கூடத்தின் தீர்ப்பும் ஏறக்குறைய அதுவே.

மனப்பாடம் செய்ய இருப்பதோ கொஞ்சமில்லை. வரலாறு 10 பாடங்கள், புவியியல் 7, குடிமையியல் 5, பொருளியல் 5. வரலாறு முதல் உலகப்போரில் தொடங்குகிறது. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதில் ஆரம்பித்து, ஹிட்லர், முசோலினி, ஐ.நா. சபை என்று உலகத்தைச் சுற்றிவிட்டுத்தான் தமிழ்நாட்டுக்கு வருகிறது. ஆறாவது பாடத்தில் ஒருமுறை தலைகாட்டும் தமிழ்நாடு, பிறகு ஒன்பதிலும் பத்திலும் வருகிறது. புவியியலிலும் தமிழ்நாடு கடைசி இரண்டு பாடங்கள்தான். அரையாண்டுத் தேர்வுக்குள் போர்ஷனை முடித்தாக வேண்டும் என்று ஆசிரியர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்த ஓட்டத்தில் சொந்த ஊர், 'முக்கிய வினாக்கள்' என்று பென்சிலால் குறிக்கப்பட்ட நாலைந்து வரிகளாகச் சுருங்கிப்போகிறது.

அந்த நாலைந்து வரிகளில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

'1937இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவை சோதனை முயற்சியாகச் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது.' இது இரண்டு மதிப்பெண் கேள்வியில் ஒரு மதிப்பெண்ணுக்கு ஆகும். ஆனால் ஏன் சேலம்? ராஜாஜி இந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925இல் திருச்செங்கோட்டுப் பக்கம் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியவர். கள்ளுக்கடை என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டத்துக் குடும்பங்களில் நேராகப் பார்த்தவர். 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, சித்தூர், கடப்பா, வட ஆற்காடு என்று பரவியது. மது வருமானம் போனதும் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939இல் அவர் கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி. இந்தியாவிலேயே அதுதான் முதல். இன்றைக்கு அம்மாபேட்டை மளிகைக் கடை பில்லின் அடியில் அச்சாகும் ஜி.எஸ்.டி.க்கு அது ஒரு தாத்தா முறை. இதே பிள்ளை பொருளியலில் 'அரசாங்கமும் வரிகளும்' என்று தனியாக ஒரு பாடம் படிக்கிறது. வரலாற்றுப் பாடத்துக்கும் அந்தப் பாடத்துக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருப்பதை யாரும் அதற்குக் காட்டுவதில்லை.

1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும் சேலம் மாநாட்டில்தான். அண்ணா அங்கே கொண்டுவந்த தீர்மானத்தோடு, வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைச் சுமந்துகொண்டிருந்த தலைமுறையின் காலம் முடிந்தது. பிள்ளைக்கோ அது 'பொருத்துக' பகுதியில் வலப்பக்கம் இருக்கும் ஓர் ஆண்டு.

தீரன் சின்னமலையை ஆறாவது பாடத்தில் படிக்கிறார்கள். அவர் தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31, சங்ககிரிக் கோட்டையில். கோட்டை எங்கோ இல்லை. சேலத்திலிருந்து பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். மறு வருடம் 1806 ஜூலையில் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால், திப்பு விழுந்த 1799க்குப் பிறகு இந்தப் பக்கமெல்லாம் எப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது என்பது பிடிபடும்.

புவியியலின் கதை இன்னும் வேடிக்கை. வரைபடக் கேள்வி சுளையாக மதிப்பெண் தரும் என்பதால் அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. பிள்ளைகளுக்குள் ஒரு குறுக்குவழியும் உண்டு: கடற்கரைக் கோட்டிலிருந்து இத்தனை விரல் தள்ளி ஒரு புள்ளி, அதற்கு மேலே சேர்வராயன், கீழே கொல்லிமலை. இந்த விரற்கடைக் கணக்கைப் போடும் பிள்ளை மொட்டைமாடிக்கு ஏறினால் வடக்கே நிற்பது அதே சேர்வராயன்தான். 1,620 மீட்டர் சோலைக்கரடு அந்தத் தொடரில்தான் இருக்கிறது. அந்த மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் சாக்கடையாக நுழைந்து, நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் கலக்கிறது. ஆற்றின் பிறப்பிடம், வடிகால், மாசு என்று தனித்தனியாகப் படிக்கும் மூன்றும் அந்த ஒரே ஆற்றில் கிடக்கின்றன. 'மேக்னசைட் கிடைக்கும் இடம்' என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை, ஓமலூர் போகும் ரயில் பாதையில் ஸ்டேஷன் பெயராகவே எழுதியிருக்கிறது: மேக்னசைட் ஜங்ஷன்.

சேலத்தில் எஃகு ஆலை எப்படி வந்தது என்று கேட்டால், "கஞ்சமலையில் இரும்புத்தாது இருப்பதால்" என்று பட்டெனப் பதில் வரும். அந்தத் தாதுவைத் தேடி 1830களிலேயே ஜோசையா ஹீத் வந்ததும், பரங்கிப்பேட்டையில் உலை வைத்ததும் உண்மை. ஆனால் 1981-82இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை, வெளியிலிருந்து வந்த எஃகைத் துருப்பிடிக்காத தகடாக உருட்டித் தரும் ஆலையாகத்தான் பிறந்தது. மலை பக்கத்தில் இருந்தும் தாது ஏன் உலைக்கு வரவில்லை? புவியியல் வகுப்பில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை வாதாட வைக்கக்கூடிய கேள்வி இது. வினாத்தாளில் வராது என்பதால் வகுப்பிலும் வருவதில்லை.

மனப்பாடமே கூடாது என்று இப்போது சிலர் பேசுவது நமக்கு உடன்பாடில்லை. ஆண்டுகள் தெரியாமல் வரலாறு பேசுவது, வாய்ப்பாடு தெரியாமல் வட்டிக் கணக்குப் போடுகிற மாதிரி. காலக்கோடு வரையச் சொல்லும் கேள்வி நல்ல கேள்வி. 1905 வங்கப் பிரிவினை, 1909 மிண்டோ-மார்லி, 1916 லக்னோ, 1919 ஜாலியன்வாலா பாக் என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தாக வேண்டும். அந்த வரிசையில் தன் ஊருக்கும் ஓர் இடம் உண்டு என்று தெரிந்த பிள்ளைக்கு அது சுலபமாக நிற்கும் என்பதுதான் நம் பேச்சு. 1917 என்றதும் சம்பாரண் வரும். அதே வருடம் சேலம் நகராட்சியில் யார் தலைவர் என்பதும் சேர்ந்து வந்தால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகிற முதல் புத்தகம் சமூக அறிவியல். பதினொன்றாம் வகுப்பில் பெரும்பாலோர் அறிவியலுக்கோ வணிகவியலுக்கோ போய்விடுவார்கள். ஆறேழு வருடம் கழித்து, டிகிரியும் வாங்கி, குரூப் 4 தேர்வுக்கு உட்காரும்போது அதே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி அலைவார்கள். எடைக்குப் போட்டதைக் காசு கொடுத்து வாங்குவார்கள். மறுபடியும் முதல் உலகப்போரில் தொடங்குவார்கள்!

பாடநூலை மாற்றி எழுத வேண்டியதில்லை. சரயேவோவில் ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டுப் பாடங்கள் புரிவதற்குப் பருவக்காற்று போல முன்னதாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு; அவற்றைச் சொல்லிவிட்டு, ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டுப் பாடங்களை எடுத்துவிடலாம். காலாண்டுத் தேர்வுக்கு எந்தப் பாடங்கள் என்று வகுத்து அனுப்புகிறவர்கள் மனது வைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே இது நடக்கும். அவர்கள் மாற்றாதவரை ஆசிரியர் மட்டும் துணிய முடியாது. ஜூனில் நடத்திய பாடம் காலாண்டு வினாத்தாளில் இல்லை என்றால் முதலில் கேள்வி கேட்பவர்கள் பெற்றோர்கள்தான்.

ஆடியில் எப்படியும் அம்மாபேட்டையில் படிப்பு ஓடாது. மாரியம்மன் பண்டிகை, வண்டி வேடிக்கை என்று பிள்ளைகளின் கண் தெருவில்தான் இருக்கும். ஆடிப் பதினெட்டில் சங்ககிரியில் சின்னமலைக்கு அரசு மரியாதை செலுத்துகிறது. மந்திரிகள் மாலை போட்டுவிட்டுப் போன பிறகு, அந்த வாரத்தில் ஒரு நாள், பத்தாம் வகுப்பை ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கோட்டைக்குக் கூட்டிப் போகலாம். தலைமையாசிரியரின் அனுமதியும், பெற்றோரின் கையெழுத்தும், பஸ் வாடகையும் வேண்டும். வாடகையைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்கட்டும்.