முதல்வர் மாறினார், அதிகாரம் மாறியதா?

மாணவர்களை ஏற்றிய கடைசிப் பேருந்தும் புறப்பட்டுவிட்டது. ஆசிரியர் அறையில் லட்டுப் பெட்டி கைமாறுகிறது. பண்டிகை ஏதுமில்லை. பல ஆண்டுகளாகப் பள்ளியையே நடுங்க வைத்த முதல்வர் பதவி விலகிவிட்டார். அதற்குத்தான் இந்த இனிப்பு. தில்லித் தனியார் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இது பழகிய காட்சி.

இந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மாணவர்கள் முன்னிலையில் அவமானப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அரை நாள் விடுப்புக் கேட்டதற்கு விளக்கக் குறிப்பாணை பெற்றவர்கள். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வரும் உத்தரவுக்கு உடனே பதிலளிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். மாணவர் சேர்க்கைக்காகக் கோடை வெயிலில் வீடு வீடாக அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவது இயல்பு.

ஆயினும், அந்த முதல்வர் எப்படி வெளியேறினார் என்ற கேள்வியை எழுப்பியே ஆகவேண்டும்.

வாளின் அடுத்த இலக்கு

ஆசிரியர்களின் புகாரை விசாரித்து நிர்வாகம் அவரை நீக்கவில்லை. சேர்க்கை குறைந்தது, வருமானம் சரிந்தது. ஒரு மாலைப்பொழுதில் அவரை அழைத்து, தயாராக வைத்திருந்த ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, விளக்கமளிக்க வாய்ப்பும் இல்லை. நேற்றுவரை அவர் பிறருக்குச் செய்ததை இன்று நிர்வாகம் அவருக்குச் செய்தது. லட்டு உண்ணும் ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் அதே வாள்தான் தொங்குகிறது.

1973ஆம் ஆண்டின் தில்லி பள்ளிக்கல்விச் சட்டம் இதைத் தடுக்கவே எழுதப்பட்டது. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியின் ஊழியர் எவரையும் கல்வி இயக்குநரின் முன் அனுமதியின்றிப் பணிநீக்கம் செய்யக்கூடாது என்கிறது அதன் 8(2) பிரிவு. பள்ளித் தலைமைக்கும் அது பொருந்தும். அரசு உதவி பெறாத பள்ளிகளையும் இப்பிரிவு கட்டுப்படுத்தும் என்று 2016இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் பட்டம் பெற்ற ஆசிரியர் அல்லர். பணியிழந்த ஒரு பள்ளி ஓட்டுநர். நிர்வாகங்கள் பணிநீக்க உத்தரவைத் தவிர்த்து ‘ராஜினாமா’ கேட்பதன் காரணம் இங்கே விளங்கும். தானே விலகியதாகக் காகிதம் சொன்னால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடும்.

கேடயமாக ஒரு பெண்

ஆசிரியர் அறையின் கோபம் முழுவதும் அந்த ஒரு பெண்ணின் மீதே குவிந்தது. அவரது சேலை, குரல், குடும்ப வாழ்க்கை எல்லாம் ஏளனத்துக்குள்ளாயின. ஆண் முதல்வர் கண்டிப்பானவர் என்றும், பெண் முதல்வர் கொடுமைக்காரி என்றும் பெயர் பெறுவது ஆணாதிக்கச் சமூகத்தின் அளவுகோல். அவர் இழைத்த அநீதிகளை இது அழித்துவிடாது. அவற்றுக்கு அவர் பொறுப்பேற்க வேண்டும். ஆனால், அந்த அநீதிகளால் ஆதாயம் அடைந்தவர்கள் யார்? அரசுப் பள்ளி ஆசிரியருக்கு நிகரான ஊதியம் தரவேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு. வங்கியில் சம்பளத்தைச் செலுத்திவிட்டு ஒரு பகுதியைப் பணமாகத் திரும்பப் பெறும் பள்ளிகள் இன்றும் உள்ளன. அந்தப் பணம் முதல்வரின் கைப்பையோடு நின்றுவிடுவதில்லை. அறக்கட்டளையின் கல்லாவுக்குப் போகிறது. முதல்வர் மீது வெறுப்பு வளர வளர, அவரை அமர்த்தியவர்கள் பாதுகாப்பாக இருந்தார்கள்.

கிசுகிசுவும் கூட்டமும்

இத்தனை ஆண்டுகளை ஊழியர்கள் எப்படிக் கடந்தார்கள்? சிலர் புகழ்ந்து தப்பினர். சிலர் பெயரில்லாக் கடிதம் எழுதினர். சிலர் வேறு பள்ளி தேடிப் போயினர். பெரும்பாலோர் தேநீர் இடைவேளையில் கிசுகிசுத்து ஆறுதல் கொண்டனர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான தற்காப்பு. ஆனால், இவற்றில் எதுவும் அடுத்த முதல்வர் வரும்போது கைகொடுக்காது.

ஆசிரியர்கள் தம்மைத் தொழிலாளியாக எண்ணத் தயங்குவதற்கு நீதிமன்றத்தின் பங்கும் உண்டு. கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில், கற்பித்தல் உன்னதப் பணி என்பதால் தொழிற்தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்லர் என 1988இல் உச்சநீதிமன்றம் கூறியது. உன்னதம் என்ற பட்டம் சூட்டி உரிமையைப் பறிக்கும் வழி அது. பணிக்கொடை கூட ஆசிரியர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தை எதிர்த்துத் தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கு 2022இல்தான் தள்ளுபடியானது.

எனவே, காலியான ஒரு நாற்காலியை விட, சட்டம் தந்திருக்கும் வேறு இரண்டு நாற்காலிகள் முக்கியமானவை. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஆசிரியர்கள் தாமே தேர்ந்தெடுக்கும் இருவர் இடம்பெற வேண்டும் என்பது 1973ஆம் ஆண்டு தில்லி விதிகளில் உள்ளது. பல பள்ளிகளில் அந்த இருவரை நிர்வாகமே ‘தேர்ந்தெடுத்து’ விடுகிறது. புதிய முதல்வர் பொறுப்பேற்கும் முன்பே அந்தத் தேர்தலை முறையாக நடத்தக் கோருவது முதல் வேலை. குறைகளைப் பெயரோடும் பல கையெழுத்துகளோடும் எழுத்தில் தருவது இரண்டாவது. ஆயாவும் ஓட்டுநரும் காவலாளியும் அக்கூட்டத்தில் சமமாக அமர்வது மூன்றாவது. 2016 தீர்ப்பை வென்று தந்தவர் யார் என்பதை ஆசிரியர்கள் மறக்கலாகாது. தனியார் பள்ளிகளில் பணிபுரியும், பிள்ளைகளைப் படிக்கவைக்கும் கட்சி உறுப்பினர்கள் இதற்குத் தோள் கொடுக்க வேண்டும். தில்லிச் சட்டத்தின் பாதுகாப்பு கூட இல்லாத மாநிலங்களில் அதற்கு நிகரான சட்டம் கோருவதும் இப்பணியின் பகுதியே.

புதிய முதல்வர் புன்னகையோடு வரலாம், நல்லவராகவும் இருக்கலாம். ஒருவரின் நல்ல குணத்தை நம்பி நிற்கும் வாழ்வு உரிமையுள்ள வாழ்வாகாது. லட்டுப் பெட்டி காலியான பிறகும் ஆசிரியர் அறையின் கதவு மூடப்படாமல், அங்கே ஒரு கூட்டம் தொடங்கட்டும்.