பாதிக் கணக்கு

கழிவுநீரிலிருந்து மின்சாரத்தின் உதவியோடு அம்மோனியாவைப் பிரித்தெடுக்கலாம் என்று சொன்னால், “ஹேபர்–போஷ் ஆலையிலேயே மலிவாகக் கிடைக்கிறதே” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்த முறையில் நவீன ஆலை ஒன்று காற்றிலுள்ள ஒரு கிலோ நைட்ரஜனை அம்மோனியாவாக்க எரிவாயுவில் செலவிடும் ஆற்றல் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்கு இணை. அது சரி. ஆனால் அதே நைட்ரஜன் நம் வயிற்றைக் கடந்து சாக்கடைக்கு வந்ததும், அதை ஒழிக்க இன்னொரு செலவு காத்திருக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களில் இரவுபகலாகக் காற்றை ஊதி, பாக்டீரியாக்களைக் கொண்டு அம்மோனியாவை நைட்ரேட்டாக்கி, கடைசியில் நைட்ரஜன் வாயுவாக வானத்துக்கே திருப்பி அனுப்புகிறோம். இடையில் கசியும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பமூட்டும். ஆக்கும் செலவை மட்டும் எழுதி அழிக்கும் செலவை விட்டுவிடுவது என்ன கணக்கு?

“மின்சாரத்தை விழுங்கும்” என்பது அடுத்த குற்றச்சாட்டு. கணக்குப் பார்ப்போம். கழிவுநீர் பாயும் மின்வேதிக் கலத்தில், இரு மின்வாய்களுக்கு நடுவே நேர் அயனிகளை மட்டும் விடும் சவ்வு ஒன்று நிற்கிறது. மின்னோட்டம் பாய்ந்தால் அம்மோனியம் அதைக் கடக்கும். எதிர்மின்வாய்ப் பக்கத்துக் காரத்தில் அம்மோனியா வாயுவாகும். கந்தக அமிலத்தில் பிடித்தால் அம்மோனியம் சல்பேட். ஒரு கிலோ நைட்ரஜன் கடக்க 1,914 ஆம்பியர்-மணி மின்னூட்டம் வேண்டும். 3 வோல்ட் என்றால் 5.7 யூனிட். சோடியமும் பொட்டாசியமும் அதே வண்டியில் தொற்றிக்கொள்வதால், ஓட்டத்தில் 60 சதவீதமே அம்மோனியம் என்று வைத்தாலும் 9.6 யூனிட். நெதர்லாந்தின் வெட்சஸ் ஆய்வு மையத்தில் எதிர்மின்வாயில் பிறக்கும் ஹைட்ரஜனை நேர்மின்வாய்க்கே ஊட்டி, தேவையான வோல்ட்டையும் குறைத்திருக்கிறார்கள்.

“சாக்கடை நீரில் அம்மோனியா ஏது?” லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்தான், சோடியமே அதிகம். அந்த நீருக்காக நான் வாதாடவில்லை. கழிவுநீரின் அளவில் சுமார் ஒரு சதவீதமே உள்ள சிறுநீரில்தான் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது. சில நாள் தேக்கிவைத்தால் யூரியா சிதைந்து, லிட்டருக்குச் சில கிராம் அம்மோனியா. பொதுக் கழிப்பறையில் மூக்கைத் துளைப்பது அதுதான். தனியாகப் பிரித்த சிறுநீரும், கசடுச் செரிப்பான்களிலிருந்து வடியும் நீரும்தான் இந்தக் கலத்துக்கு ஏற்றவை.

நேர்மின்வாயில் குளோரின் வருமென்ற பயம் நியாயமானது. அந்த மின்வாயைத் தனி அறையில் வைத்தால் தீரும். சுண்ணாம்புப் படிவும் சவ்வின் விலையும் அப்படி எளிதில் தீராது.

“மூத்திரத்தில் செய்த உரமா?” அம்மோனியா வாயுவாகத் தாண்டி வருகிறது, உப்பும் மருந்து எச்சமும் பின்தங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டார்பே குழு சூரியத் தகட்டின் வீண்வெப்பத்தால் சிறுநீரைச் சூடாக்கி, தகட்டையும் குளிர்வித்து, இதே வேலையைச் செய்து காட்டியிருக்கிறது. மின்கம்பியும் உர லாரியும் எட்டாத ஊரில், ஆலை வாசல் விலையை வைத்து என்ன ஒப்பீடு?