யந்திர மோகமும் கைத்திறமையும்

செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் இன்று நாடெங்கும் முழங்குகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் இந்த முழக்கம் ஆண்டுக்கு ஆண்டு வலுக்கின்றதேயன்றித் தணியவில்லை. 2024 மார்ச்சில் இந்திய சர்க்கார் இத்துறைக்கென்று 10,372 கோடி ரூபாயை ஒதுக்கியது. காரைக்காலிலும் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளின் பெற்றோர்கள், எந்தப் படிப்பின் தலைப்பில் இப்பெயர் இருக்கிறது என்று விசாரித்து அலைவதை நாம் காண்கிறோம். பிட்டர், வெல்டர் முதலிய தொழில்களுக்குப் பிள்ளையை அனுப்புவது குடும்பத்துக்கே குறைவு என்ற எண்ணமும் கூடவே பரவி வருகிறது. இந்த எண்ணம் நம் ஊரைக் கெடுக்கும் என்பதே நமது அபிப்பிராயம்.

நாம் யந்திரத்தின் விரோதிகளல்லோம். ஆயினும் யந்திரத்தை வாங்குவது வேறு. அதை ஆளும் வித்தை நம் கையில் இருப்பது வேறு. இந்த வேற்றுமையைப் பிரெஞ்சிந்தியக் கரை மிகுந்த விலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

புதுவைப் பக்கத்தில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணி ஒரு காலத்தில் கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் கரைக்குச் சென்றது. அங்கே பிசின் வாணிகத்தில் அது நாணயத்தைப் போலவே வழங்கிற்று. அத்துணியின் மதிப்பெல்லாம் நெசவாளியின் கையிலும் சாயக்காரனின் கண்ணிலும் இருந்தது. ஐரோப்பிய ஆலைகள் அதைப்போலவே செய்து போட்டிக்கு வந்தன. அவுரிக்கோ அதனினும் பெரிய அடி ஜெர்மனியில் காத்திருந்தது. அடால்ஃப் பேயர் என்ற ரஸாயன ஆசிரியர் 1880இல் நீலச்சாயத்தைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டார். அதை மலிவாகச் செய்து விற்க ஜெர்மானியக் கம்பெனிக்குப் பின்னும் 17 ஆண்டுகள் பிடித்தன. 1897இல் அச்சாயம் சந்தைக்கு வந்தது. நம் நாட்டு அவுரி வாணிகம் சில ஆண்டுகளுக்குள் சரிந்தது. நம்மை வென்றது அந்த 17 ஆண்டுகள் சோதனைச் சாலையிலும் பட்டறையிலும் சளைக்காமல் உழைத்த ஆயிரம் கைகளின் தேர்ச்சியே.

மறு ஆண்டு, 1898இல், புதுவையில் ரோடியர் ஆலை எழுந்தது. தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறிட்டது. பழைய யந்திரங்களும் நஷ்டமும் அழுத்த, 2020இல் அது மூடப்பட்டது. யந்திரம் நின்றபின் ஓர் ஊரிடம் எஞ்சுவது அதன் ஜனங்கள் கற்ற வித்தை ஒன்றே.

இனி, நமது காரைக்காலைப் பார்ப்போம். கீழவாஞ்சூரில் 2009 முதல் துறைமுகம் நடைபெறுகிறது. அது கடன் சுமையில் சிக்கி 2023இல் அதானி நிறுவனத்தின் கைக்கு மாறியது. திருமலைராயன்பட்டினத்தில் எரிவாயுவைக் கொண்டு 32.5 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் நிலையம் உள்ளது. 2010இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் திருவேட்டைக்குடியில் இருக்கிறது. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவ ஊர்களில் விசைப்படகுகள் நிற்கின்றன. யந்திரங்களுக்குக் குறைவில்லை. பாரந்தூக்கி பழுதானால் சீர்செய்பவன் நம் பிள்ளையா? சுழலியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் நம் ஊரானா? இவற்றுக்கு 'ஆம்' என்று விடை வரும் நாளில்தான் இந்த யந்திரங்கள் காரைக்காலின் சொத்தாகும். அதுவரையில் அவை காரைக்காலில் நிற்கும் பிறர் சொத்தே.

"கையால் செய்யும் வேலையையெல்லாம் இனிக் கணினியே செய்துவிடுமே, பட்டறைப் பயிற்சி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கணினி கடிதம் எழுதும், கணக்குப் போடும், படமும் வரையும். உப்புக்காற்றில் துருவேறிய படகு எஞ்சினின் தண்டை நேர்ப்படுத்த அது நடுக்கடலுக்கு வருமா? மேலும், இந்த நுண்ணறிவைத் தாங்கும் கணினிக் கூடங்களுக்கே மின்சாரமும் குளிர்ச்சியும் இடையறாது வேண்டும். அவற்றைப் பூட்டிக் காப்பவர் எலெக்ட்ரீஷியனும் குளிர்யந்திரத் தொழிலாளியுமே அல்லவா?

தமிழ்நாட்டிலேயே நமக்கு உதாரணம் உண்டு. 1937இல் கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டாரை உள்நாட்டிலேயே செய்து காட்டினர். அந்நகரம் பின்னர் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்றது. 1945இல் அங்கே தொழிற்கல்லூரி ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராயிருந்தவரும் ஜி. டி. நாயுடுவே. படிப்புக் காலத்தைச் சுருக்கி, செய்முறையைப் பெருக்க வேண்டுமென்று அவர் வாதாடினார். அவ்வாதம் இன்றும் பழையதாகவில்லை.

ஆகவே, செய்யவேண்டியது யாது? 1,000 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுப்பிக்க 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு இந்திய மந்திரிசபை 2025 மே மாதத்தில் அனுமதி அளித்தது. அதில் காரைக்காலுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் பெயர்ப்பலகைக்கும் திறப்பு விழாவுக்கும் போகாமல், கடைசல் யந்திரத்துக்கும் படகு எஞ்சினுக்கும் நல்ல ஆசிரியருக்கும் செலவாக வேண்டும். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தொழிலாளர் தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பயிற்சித் தொழிலாளரைச் சேர்க்க வேண்டுமென்று சட்டம் கூறுகிறது. இந்த ஜில்லாவின் நிறுவனங்கள் அவ்விடங்களை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முதலில் திறந்துவிடட்டும். எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதை ஆண்டுதோறும் வெளியிடட்டும். திருவேட்டைக்குடி மாணவர்கள் ஒரு பருவமாவது மீன்பிடித் துறைமுகப் பட்டறைகளில் கைகறுக்க உழைக்கட்டும். அங்குள்ள மேஸ்திரிகளும் கழகத்தின் வாயிலைக் கூச்சமின்றித் தாண்டி வரட்டும். நுண்ணறிவும் கைத்திறமையும் அப்போதுதான் ஒன்றையொன்று அறியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய்க் கறை படிந்த சட்டை இழிவன்று. வேலை தெரியாத கையில் உள்ள பட்டமே குடும்பத்துக்குப் பாரம். நம் பாட்டனார்களில் பலர் இந்தக் கரையிலிருந்து ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் கூலிகளாகக் கப்பலேறினர். அவர்களுடைய பேரர்களும் பிறர் யந்திரத்துக்குக் கூலிகளாகவே இருக்க வேண்டுமா? காரைக்கால் வாலிபர்களே, புதிய வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள்; ஆனால், அதை இயக்கவும் பிரிக்கவும் பூட்டவும் கற்றபின்னரே கற்றோம் என்று சொல்லுங்கள்.