வாயு பக்ஷணம்

காற்றையே ஆகாரமாகக் கொண்டு தவம் செய்த ரிஷிகளைப் பற்றிப் புராணங்களில் படித்திருக்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத சில கடல்வாசிகள் அந்த விரதத்தை மெய்யாகவே அனுஷ்டித்து வருகின்றன. அவற்றின் ஆகாரம் மீதேன் என்னும் வாயு. சேற்றுக் குட்டையைக் கோலால் கிளறினால் குமிழியிட்டு வருவதும், சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் பெரும்பாலும் இந்த வாயுவே.

வகுப்பில் இதை நான் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "ஒரு குவளைக் கடல் ஜலத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்குமே, இதை மாத்திரம் எப்படி ஸார் பிடிப்பார்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி அல்லவா?

வலை வீசிப் பிடிப்பதில்லை. மற்றவற்றைப் பட்டினி போட்டுப் பிடிக்கிறார்கள். கடல் ஜலத்துக்கு ஒப்பான உப்புக் கரைசலைப் புட்டியில் பாதி விட்டு, அதில் சிறிது கடல்நீரைச் சேர்ப்பார்கள். சர்க்கரை, மாமிசச் சாறு எதுவும் கிடையாது. மேற்பாகத்தில் காற்றையும் மீதேனையும் நிரப்பி இறுக மூடிவிடுவார்கள். மற்றக் கிருமிகள் உணவின்றி ஒடுங்கிக் கிடக்க, மீதேன் உண்பவை மட்டும் பெருகும். அதிலிருந்து ஒரு துளியைப் புதுப் புட்டிக்கு மாற்றுவார்கள். பிறகு அகர் கூழ்த் தட்டில் பரப்பி, தனித்தனிப் புள்ளிகளாக முளைப்பவற்றைப் பிரித்தெடுப்பார்கள். 1906-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து ஸோன்கன் என்பவர் இத்தகைய கிருமி ஒன்றை முதன்முதல் வளர்த்துக் காட்டினார்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. மீதேனை ஜீரணிக்கும் கிருமி மெதனால் முதலிய பொருள்களைச் சிறிது வெளியே சிந்துகிறது. அதைப் பொறுக்கித் தின்ன, கல்யாண வீட்டுக்கு அழையாமல் வரும் விருந்தாளிகளைப் போல, வேறு கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே, முளைத்த ஒவ்வொன்றையும் மீதேன் இல்லாத தட்டிலும் வைத்துப் பார்ப்பார்கள். அங்கேயும் செழித்தால் அது போலி! இவ்வளவு சோதனைகளையும் கடந்து, அட்லாண்டிக்கின் ஸர்காஸோ கடலிலிருந்து ஒரு மீதேன் கிருமியைப் பிரித்தெடுத்ததாக 1987-ல் அமெரிக்க விஞ்ஞானி ஸீபர்த்தும் அவருடைய சகாக்களும் அறிவித்தார்கள்.

இவை பிராணவாயு உள்ள ஜலத்தில் வாழ்பவை. கடலடிச் சேற்றின் ஆழத்திலோ பிராணவாயு இல்லை. ஆயினும் அங்கும் மீதேன் மறைந்து போவதை, சேற்றை அடுக்கடுக்காகச் சோதித்தவர்கள் 1970-களில் கண்டார்கள். தின்றது யார்? 2000-ல் ஜெர்மனியின் அன்ட்யே போயெட்டியுஸ் அம்மையாரும் சகாக்களும், அமெரிக்காவின் ஆரிகன் கரைக்கு அப்பால் கடலடியில் எடுத்த சேற்றுக்கு ஒளிரும் சாயம் ஊட்டி நுண்பெருக்கியில் நோக்கினார்கள். சிறு சிறு உருண்டைகள் தென்பட்டன. ஒவ்வொன்றின் நடுவிலும் சுமார் 100 ஆர்க்கியா செல்கள். இவை பாக்டீரியாவைப் போலத் தோன்றினும் வேறு குலம். சுற்றிலும் வேலி போலப் பாக்டீரியாக்கள்! ஆர்க்கியா மீதேனை உடைக்கிறது. அதில் விடுபடும் எலெக்ட்ரான்களைக் கொண்டு பாக்டீரியா கடல்நீரின் ஸல்பேட்டைச் சுவாசிக்கிறது. இவ்விரண்டும் எலெக்ட்ரான்களை நேராகவே கைமாற்றிக்கொள்கின்றன என்பதற்கு 2015-ல் சான்றுகள் கிடைத்தன.

இந்தக் கூட்டு வியாபாரத்தில் லாபம் மிகச் சொற்பம். ஆதலால் வளர்ச்சியும் மந்தம். நம் குடலில் வாழும் கிருமி தக்க உணவு கிடைத்தால் 20 நிமிஷத்தில் இரட்டிக்கும். இவை ஆய்வுக்கூடத்தில் இரட்டிப்பதற்குச் சுமார் 7 மாதம் ஆயிற்று. ஆனால் இந்த ஏழைகள் செய்யும் உபகாரமோ பெரிது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கு மேல் உலகைச் சூடாக்கவல்லது மீதேன். கடலடிச் சேற்றில் உண்டாகும் மீதேனில் நூற்றுக்குத் 90 பங்கு வரையில், மேலே கிளம்புமுன் இவற்றுக்கு இரையாகிவிடுகிறது என்பது விஞ்ஞானிகளின் மதிப்பு.

இவ்வளவு முக்கியமான அந்த ஆர்க்கியாவை இன்றுவரை ஒருவரும் தனியாகப் பிரித்து வளர்த்ததில்லை. பிரித்தெடுத்து அறிவதே இத்துறையின் பழைய வழி. இங்கேயோ கூட்டாளிகளைச் சேர்ந்திருக்கும்போதே அறிய வேண்டியிருக்கிறது.

"ஒரு தடவை இரட்டிக்கவே 7 மாதமா, ஸார்? அதற்குள் பரீட்சையே முடிந்துவிடுமே!" என்றான் என் மாணவன். கடலடிச் சேற்றைப் புட்டியில் அடைத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருப்பவர்களுக்கு அதுதான் பரீட்சை என்று சொன்னேன்.