டீச்சருக்குக் கொரியாவிலிருந்து ஒரு பார்சல்!

2020-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். மாஸ்க் கிடைக்காமல் உலகமே அல்லாடிய கொரோனா வருடம். அமெரிக்காவில் 500-க்கும் மேற்பட்ட முதியவர்களின் வீட்டுக்குத் தென்கொரியாவிலிருந்து ஆளுக்கொரு பெட்டி வந்தது. உள்ளே 100 மாஸ்க்குகள், ஜின்செங் மிட்டாய், சருமப் பராமரிப்புப் பொருள்கள், பட்டு விசிறி. கூடவே ஆமை உருவம் பொறித்த வெள்ளி ஸ்பூனும் சாப்ஸ்டிக்கும். கொரியர்களுக்கு ஆமை என்றால் நீண்ட ஆயுள். 'நல்லா இருங்க டீச்சர்' என்பதை அவர்கள் ஸ்பூனில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆம், பெட்டியை வாங்கியவர்களில் பலர் டீச்சர்கள். வாலிப வயதில் கொரியாவுக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர்கள். பெட்டியை அனுப்பியது கொரியா ஃபவுண்டேஷன் என்ற அரசு சார்ந்த அமைப்பு.

கே-டிராமா பார்த்துவிட்டு 'அன்யோங்' சொல்லித் திரியும் நமக்கு, கொரியா என்றால் பி.டி.எஸ், சாம்சங், ராமென். இந்த டீச்சர்கள் பார்த்த கொரியா வேறு. இந்த வாரம் அவர்களின் கதை.

60 பேர், ஒரு கரும்பலகை

அமெரிக்க இளைஞர்களை வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களாக அனுப்பும் 'பீஸ் கார்ப்ஸ்' திட்டம் 1961-ல் கென்னடி காலத்தில் தொடங்கியது. ('அமைதிப்படை' என்று மொழிபெயர்த்தால் சத்யராஜ் ஞாபகம் வந்துவிடும். அதனால் பீஸ் கார்ப்ஸ் என்றே வைத்துக்கொள்வோம்.) கொரியாவுக்கு முதல் அணி போனது 1966-ல். போர் ஓய்ந்து 13 ஆண்டுகளே ஆகியிருந்த, வறுமை இன்னும் விலகாத நாடு அது. 1981 வரை சுமார் 2,000 பேர் போனார்கள். சிலர் காசநோய், தொழுநோய் ஒழிப்புப் பணிகளில் வேலை பார்த்தார்கள். பெரும்பாலானவர்களின் வேலை, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ்.

ஒரு வகுப்பில் 60 பிள்ளைகளுக்குக் குறையாமல் இருப்பார்கள். பக்கத்தில் ஒரு கொரிய ஆசிரியர் நின்று சேர்ந்து பாடம் நடத்துவார். தங்கல், உள்ளூர்க் குடும்பங்களோடு. 'ரிப்ளை 1994' பார்த்தவர்களுக்கு, பல பேர் ஒரே வீட்டில் தங்கி ஒரே சமையலைச் சாப்பிடும் அந்த 'ஹாசுக்' வீடு ஞாபகம் இருக்குமே, கிட்டத்தட்ட அப்படி. கிம்ச்சி சாப்பிடப் பழகி, சூடேற்றிய தரையில் படுத்துத் தூங்கி, கொரியமொழியில் திட்டு வாங்கி இரண்டு வருடம் ஓடியிருக்கும். பிறகு விமானம் ஏறிவிடுவார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதைதான். ஆனால், முடியவில்லை.

'நீங்க கே எத்தனை?'

கொரியாவுக்குப் போன ஒவ்வோர் அணிக்கும் கே-1, கே-2 என்று வரிசையாக எண் உண்டு. நம் ஊரில் முன்னாள் மாணவர்கள் சந்தித்தால் 'நீங்க எந்த பேட்ச்?' என்று கேட்பதைப்போல, இவர்களுக்கு அந்தக் கே நம்பர்தான் அடையாளம். இவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பின் பெயர் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் கொரியா'. அதாவது, 'கொரியாவின் நண்பர்கள்'. பெயரில் 'முன்னாள்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மற்ற முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இவர்களுக்கு உண்டு. பள்ளி, கல்லூரிச் சங்கத்துக்கு வருடா வருடம் புது பேட்ச் வரும். இங்கே 1981-க்குப் பிறகு புது வரவே கிடையாது. முதல் அணியில் போனவர்களுக்கு இன்று வயது 80-ஐத் தாண்டிவிட்டது. கடைசியாகப் போனவர்களும் அறுபதுகளில் இருக்கிறார்கள். இனி ஒவ்வொரு சந்திப்புக்கும் வருவோர் எண்ணிக்கை குறையத்தான் போகிறது. அது தெரிந்தேதான் சந்திக்கிறார்கள்.

ஃபேஸ்புக்கில் தேடினால் கிடைத்துவிடுமா?

'பழைய ஸ்டூடன்ட்டைக் கண்டுபிடிப்பது இந்தக் காலத்தில் பெரிய விஷயமா?' என்று கேட்கலாம். கொரியாவில் பெரிய விஷயம்தான்.

முதலில் பெயர். அங்கே ஐந்தில் ஒருவருக்கு மேல் குடும்பப் பெயர் 'கிம்'. 'லீ' என்ற ஒரே குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள். டீச்சர் 1970-ல் டைரியில் குறித்துவைத்த ஸ்பெல்லிங் ஒன்று, அந்த மாணவர் இன்று பாஸ்போர்ட்டில் வைத்திருப்பது வேறொன்று. அடுத்தது ஊர். 2000-ல் கொரிய அரசு ஆங்கில எழுத்துமுறையையே மாற்றியது. புசான் 'பி'யிலிருந்து 'B'-க்கு நகர்வதைப்போல, குவாங்ஜு 'கே'யை விட்டு 'ஜி'யில் தொடங்க ஆரம்பித்தது. மூன்றாவது முகவரி. மனை எண்ணை வைத்து எழுதப்பட்ட பழைய முகவரிகள் போய், 2014 முதல் தெருப் பெயர் முகவரிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. பரணிலிருந்து எடுத்த பழைய கடித உறையில் இருக்கும் விலாசத்தை வைத்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிப்பது லேசில்லை.

இதில் ஓர் ஆறுதல், கொரியப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. அந்த வகையில் மாணவிகளைத் தேடுவது கொஞ்சம் சுலபம்.

இவ்வளவு தடைகளுக்கு நடுவே உதவிக்கு வந்தது அந்த நாடேதான். 2000-களின் இறுதியில், முன்னாள் தன்னார்வலர்களைக் குடும்பத்தோடு மீண்டும் கொரியாவுக்கு அழைக்கும் திட்டத்தைக் கொரியா ஃபவுண்டேஷன் தொடங்கியது. பாடம் நடத்திய பள்ளிக்கே போய்ப் பார்க்கலாம். தங்கியிருந்த வீட்டுக்காரர்களைத் தேடிப்போகலாம். 20 வயதில் விட்டுவந்த மாணவர், தலை நரைத்து எதிரில் வந்து நிற்பார். கொரியாவில் மே 15 ஆசிரியர் தினம். ஆசிரியரை 'சொன்செங்னிம்' என்பார்கள். கடைசியில் வரும் அந்த 'னிம்', நம் 'ங்க' மாதிரி மரியாதை விகுதி. எத்தனை வயதானாலும் அந்த விகுதி உதிர்வதில்லை.

டீச்சர், தூதர் ஆனார்

கேத்லீன் ஸ்டீஃபன்ஸ் என்ற இளம்பெண் 1975-ல் யேசான் என்ற சிற்றூரின் நடுநிலைப் பள்ளிக்கு இங்கிலீஷ் டீச்சராகப் போனார். 'ஷிம் உன்-க்யோங்' என்ற கொரியப் பெயரும் அவருக்குக் கிடைத்தது. 2008-ல் அதே பெண், தென்கொரியாவுக்கான அமெரிக்கத் தூதராகப் போய் இறங்கினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். கொரியமொழி சரளமாகப் பேசிய முதல் தூதரும் அவரே. பதவியேற்ற கையோடு யேசான் பள்ளிக்கும் போய்வந்தார்.

அவர் மட்டுமில்லை. ஆண்டோங் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த டேவிட் மெக்கேன், பின்னாளில் ஹார்வர்டில் கொரிய இலக்கியப் பேராசிரியர் ஆனார். கொரியக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர். கொரியப் போரின் வரலாற்றை எழுதிய ப்ரூஸ் கமிங்ஸும் பீஸ் கார்ப்ஸில் கொரியா போனவர்தான். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள், கொரியாவைப் படித்துக்கொண்டு திரும்பி வந்து, அதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

உதவி வாங்கிய நாடும் அங்கேயே நின்றுவிடவில்லை. 2010-ல், வளர்ந்த நாடுகளின் நிதியுதவிக் குழுவில் கொடுக்கும் நாடாக உட்கார்ந்தது. இன்று கொரிய இளைஞர்கள் தன்னார்வலர்களாகப் பல நாடுகளுக்குப் போய்க் கொரியமொழி கற்றுத்தருகிறார்கள்.

குரூப் இருக்கு, தொடர்பு இருக்கா?

நம் எல்லோர் போனிலும் ஒரு 'ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ்' குரூப் இருக்கிறது. முதல் மாதம் அலை அலையாக மெசேஜ், பழைய போட்டோக்கள். ஆறாவது மாதம் 'குட் மார்னிங்' பூக்கள் மட்டும். காரணம், அந்த குரூப்பில் நாம் நம்மைப் பற்றி மட்டுமே பேசிக்கொள்கிறோம். பேசித் தீர்ந்ததும் குரூப் அமைதியாகிவிடுகிறது.

கொரியா டீச்சர்கள் அரை நூற்றாண்டு தாண்டியும் ஒட்டியிருப்பதற்குக் காரணம், அவர்களுக்கு நடுவில் அவர்களைத் தவிர வேறொன்றும் இருக்கிறது: ஓர் ஊர், ஒரு பள்ளி, அங்கே வளர்ந்துகொண்டே இருக்கும் மனிதர்கள். அதோடு, எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கை நீண்டது.

நம் வீடுகளிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். மாலத்தீவில் பாடம் நடத்தும் அத்தை, எத்தியோப்பியாவில் வாத்தியாராக இருந்து திரும்பிய பெரியப்பா. அடுத்த முறை பார்க்கும்போது, 'அங்கே உங்க ஸ்டூடன்ட்ஸ் பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?' என்று கேட்டுப்பாருங்கள். அவர் சொல்லும் பெயர்களைக் கேட்டபடியே எழுதி, ஊரும் வருடமும் சேர்த்துக் குறித்துவையுங்கள். பழைய போட்டோ இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தேடுவது பிறகு. பெயர் தெரிந்தவர் இருக்கும்போதே எழுதிக்கொள்வது முதல் வேலை.