தாய்க் கல்லூரிக்குத் திரும்பிய மகன்



படித்த பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பி வருபவரை ஊரார் மாலையிட்டு வரவேற்பர். "நம் பிள்ளை வந்துவிட்டான், இனிக் கவலை இல்லை" என்பர். அந்த மாலை வாடுவதற்குள் அவர் செய்ய வேண்டிய வேலை வாசலில் வந்து நின்றுவிடும். பழைய பெருமை அவ்வேலையைச் செய்து தருமா? இதனை எண்ணிப் பார்ப்பதற்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து வரலாறு நமக்குத் துணை செய்யும்.

வாஷிங்டன் நகரிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1789-ஆம் ஆண்டு தோன்றியது. அதனை நிறுவிய ஜான் கரோல் அந்நாட்டின் முதல் கத்தோலிக்க ஆயர் ஆவார். சென்னை லொயோலா கல்லூரிக்கும் திருச்சி தூய வளனார் கல்லூரிக்கும் உரிய சேசு சபையே அதற்கும் உரியது. 1971-72-ஆம் ஆண்டில் அதன் கூடைப்பந்து அணி 26 ஆட்டங்கள் ஆடி 3-இல் மட்டுமே வென்றது. அந்நிலையில் 1972 மார்ச்சில் ஜான் தாம்சன் என்பவர் பயிற்சியாளராக அமர்த்தப்பெற்றார். அவர் கறுப்பினத்தவர்; அந்நகரின் பள்ளி ஒன்றில் பயிற்சி அளித்து வந்தவர்.

தாம்சன் தம்முடன் மேரி ஃபென்லன் என்னும் அம்மையாரையும் அழைத்து வந்தார். முன்னர் துறவற சபையில் இருந்த அவர் ஓர் ஆசிரியை. மாணவர்களின் படிப்பைக் கண்காணிப்பதே அவருக்கு இட்ட பணி. ஆட்ட வேளையிலும் அவர் அணியினரோடு பலகையில் அமர்ந்திருப்பார். தாம்சனின் மேசைமேல் காற்றுப் போன பந்து ஒன்று எப்போதும் இருக்கும். பந்திலுள்ள காற்று ஒரு நாள் இறங்கிவிடும், அதன் பிறகும் நீ மனிதனாக நிற்க வேண்டும் என்பதே அது மாணவர்க்குச் சொன்ன பாடம். அவரிடம் நான்கு ஆண்டுகள் தங்கிய மாணவருள் நூற்றுக்கு 97 பேர் பட்டம் பெற்றனர்.

இத்தகைய ஆசிரியரிடம் 1981-இல் வந்து சேர்ந்தவர் பேட்ரிக் யூயிங். ஜமெய்க்காத் தீவில் பிறந்து, 1975-இல் சிறுவனாக அமெரிக்கா வந்த ஏழடி உயர இளைஞர் அவர். முதலாண்டிலேயே அணி நாடு முழுவதற்குமான இறுதி ஆட்டத்தை எட்டியது. 1982-இல் நடந்த அவ்வாட்டத்தில், கடைசி நொடிகளில், பிரெட் பிரவுன் என்னும் மாணவர் தம் அணியினர் என்று எண்ணி எதிரணி வீரரின் கையில் பந்தைக் கொடுத்துவிட்டார். 63-62 என ஒரே புள்ளியில் வெற்றி வட கரோலினாவுக்குப் போயிற்று. ஆயினும் நாடே பார்த்துக்கொண்டிருக்க, தாம்சன் அம்மாணவரை மார்போடு அணைத்துக்கொண்டார். யூயிங் அன்று அவ்வணியில் இருந்தவர்.

1983-இல் யூயிங்கின் தாயார் காலமானார். மகன் பட்டம் பெற வேண்டும் என்பதே அவ்வம்மையாரின் ஆசை. 1984-இல் ஜார்ஜ்டவுன் 84-75 என்ற கணக்கில் ஹூஸ்டனை வென்று நாட்டின் வாகையைச் சூடியது. அவ்வெற்றியைப் பெற்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளர் தாம்சனே. பெரும் பணம் தரும் தொழில்முறை ஆட்டத்துக்கு அப்போதே போயிருக்கலாம். ஆனால் யூயிங் தாய்க்காக மேலும் ஓராண்டு தங்கி, 1985-இல் நுண்கலையில் பட்டம் பெற்றுச் சென்றார். பின்னர் நியூயார்க் அணியில் 15 ஆண்டுகள் ஆடினார். 1984-இலும் 1992-இலும் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்ற அணிகளிலும் இடம்பெற்றார்.

ஆட்டத்தை விட்டபின் பல தொழில்முறை அணிகளில் துணைப் பயிற்சியாளராகவே நெடுங்காலம் உழைத்தார். தலைமைப் பொறுப்பை எவரும் தரவில்லை. 2017 ஏப்ரலில் தாய்க் கல்லூரியே அதனைத் தந்தது. தாம்சனின் பெயர் தாங்கிய பயிற்சிக் கூடத்தில் தாம்சனின் மாணவர் பணி தொடங்கினார். மக்கள் மகிழ்ந்தனர். எனினும் கல்லூரி அணி ஒன்றை அவர் அதற்குமுன் நடத்தியதில்லை. பதினெட்டு வயது இளைஞரின் வீடு தேடிச் சென்று, பெற்றோரிடம் பேசி, அவரை அணியில் சேர்த்து, ஆளாக்குவது தனிக் கலை. ஆடத் தெரிந்தவர்க்கெல்லாம் அக்கலை தாமே வந்துவிடுவதில்லை.

2020 ஆகஸ்ட் 30-இல் தாம்சன் மறைந்தார். அடுத்து வந்த பருவத்தில் ஜார்ஜ்டவுன் தன் குழுவின் 11 கல்லூரிகளில் கடைசியாக வரும் என்றே கணித்தனர். அவ்வணியோ 2021 மார்ச்சில் நான்கு நாள்களில் நான்கு ஆட்டங்களை வென்று, இறுதியில் கிரைட்டனை 73-48 என வீழ்த்திக் குழுக் கோப்பையைக் கைக்கொண்டது. அது நிகழ்ந்தது, யூயிங் முன்பு ஆடிப் புகழ்பெற்ற அதே நியூயார்க் அரங்கில். நாள் மார்ச் 13. தாம்சன் பணியமர்ந்து சரியாக 49 ஆண்டுகள் நிறைந்த நாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு இனிமை! ஆனால் வாழ்க்கை அவ்விடத்தில் முடிவதில்லை. அடுத்த பருவத்தில் அணி 6 வெற்றிகளும் 25 தோல்விகளும் கண்டது. குழு ஆட்டங்கள் 19-இலும் தோற்றது. தொடர்ந்து 29 குழு ஆட்டங்களில் தோற்ற பின்னரே, 2023 ஜனவரியில் ஒரு வெற்றி கிட்டியது. அவ்வாண்டு மார்ச்சில் யூயிங் பணியிலிருந்து நீக்கப்பெற்றார். ஆறு ஆண்டுகளில் 75 வெற்றிகள், 109 தோல்விகள். அவருடைய காலத்துப் போட்டியாளரான கிறிஸ் மல்லினும் நியூயார்க்கிலுள்ள தம் பழைய கல்லூரியாகிய தூய யோவான் பல்கலைக்கழகத்துக்கு 2015-இல் பயிற்சியாளராகத் திரும்பி, 2019-இல் விலகினார்.

யாரைக் குறை கூறுவது? காலம் மாறியிருந்தது. யூயிங் நான்கு ஆண்டுகள் ஓரிடத்தில் தங்கிக் கற்றவர். 2021 முதலோ, கல்லூரி வீரர் ஓராண்டில் அணி மாறி உடனே ஆடவும், தம் பெயரைக் கொண்டு பணம் ஈட்டவும் விதிகள் இடமளித்தன. ஆண்டுதோறும் முகங்கள் மாறும் அணியை ஒரு குடும்பமாக்குவது கடினம். ஆயினும் பிற பயிற்சியாளர்களுக்கும் அதே விதிகள்தாம். ஆகவே கல்லூரி அவரை நீக்கியதை அநீதி என்று நாம் சொல்லமாட்டோம். தோற்றுத் தோற்றுத் தளர்ந்த மாணவர்களுக்கும் அக்கல்லூரி கடமைப்பட்டிருந்தது.

ஆனால் நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அழைக்கும்போது கல்லூரி எதை அழைத்தது? அந்த மனிதரின் திறமையையா, சுவரில் தொங்கிய அவருடைய படத்தையா? படத்தை அழைத்தால், வந்து நிற்கும் மனிதர் என்றும் அப்படத்தைவிடச் சிறியவராகவே தெரிவார். இந்தத் தீங்கை அன்பினாலேயே நாம் செய்துவிடுகிறோம்.

நம் இல்லங்களிலும் இது நிகழ்கிறது. தந்தையின் கடைக்கு மகன் திரும்புகிறான். படித்த பள்ளிக்கு மகள் தலைமையாசிரியையாக வருகிறாள். முதல் நாளில் ஆரத்தி எடுக்கிறோம்; மூன்றாம் மாதத்தில் கணக்குக் கேட்கிறோம்; ஆண்டு முடிவில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கணக்குக் கேட்பது தவறன்று. அதனை முதல் நாளிலேயே தெளிவாகப் பேசிக்கொள்வது நலம். உன் பழைய புகழுக்காகவன்று, இந்த வேலைக்காகவே அழைக்கிறோம் என்று சொல்லுங்கள். புதிய வேலையைக் கற்கக் காலம் கொடுங்கள். திரும்பி வருபவரும் தாம் இங்கே மீண்டும் மாணவர் என்பதை நினைவில் கொள்வாராக.

கற்பித்தும் கைகூடாமற் போனால்? அப்போதுதான் 1982-இன் அந்த அணைப்பு நமக்குத் தேவைப்படும். பிழை பிழையே, தோல்வி தோல்வியே. தாம்சன் அதனை மறைக்கவில்லை. மகனை மகனாகவே வைத்துக்கொண்டார். பொறுப்பை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்ள நேரலாம். அதற்காக அவருடைய இருக்கையையும் வீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டியதில்லை. 2024-இல் நியூயார்க் அணி யூயிங்கைத் தன் தூதராக மீண்டும் அழைத்துக்கொண்டது.

உங்கள் வீட்டிலும் பொறுப்பேற்றுத் தோற்றுப்போன ஒருவர் இருக்கக்கூடும். இவ்வார ஞாயிறு உணவுக்கு அவரை அழையுங்கள். அன்று கணக்குப் பேச வேண்டாம்.